டிரில் பீரியடும் இருதயமும்

பிள்ளைகளின் இருதயத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் பெரியோர் சிலர் புன்னகை புரிவதுண்டு. இருதய நோய் என்பது ஐம்பது வயதைத் தாண்டியவருக்கும், உத்தியோகத்தில் மேற்படி ஏறி நாற்காலியிலேயே காலங்கழிப்பவருக்கும் உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மரத்தில் ஏறிக் குதிக்கும் பதினான்கு வயதுப் பையனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பர். இதே கேள்வியை வைத்திய சாஸ்திரமும் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குரிய விடை, யாரும் எதிர்பாராத வகையில், ஒரு போர்க்களத்திலிருந்து வந்தது.

1950 முதல் 1953 வரை கொரியாவில் நடைபெற்ற யுத்தத்தில் மாண்ட அமெரிக்கப் போர்வீரருள் 300 பேரின் உடல்களை ஏனோஸ், ஹோம்ஸ், பேயர் என்னும் மூன்று டாக்டர்கள் அறுத்துப் பரிசோதித்தனர். மாண்டவர்களின் சராசரி வயது 22. அவர்கள் நோயாளிகளல்லர்; இராணுவ டாக்டர்கள் சோதித்துச் சேர்த்துக்கொண்ட திடகாத்திரமான வாலிபர்கள். எனினும் அவர்களுள் நூற்றுக்கு 77 பேரிடம், இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் நாளங்களில் நோயின் சுவடு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. சிலரிடம் நாளத்தின் உட்சுவரில் சிறு தடிப்பு மட்டும் காணப்பட்டது. வேறு சிலரிடம் நாளமே அடைபட்டுப்போயிருந்தது. 1953ல் இந்தச் செய்தி வெளியானபோது வைத்திய உலகம் திடுக்கிட்டது. இருபத்திரண்டு வயதில் தடிப்புத் தெரிகின்றதென்றால், அது படியத் தொடங்கிய காலம் எது? அந்த வாலிபர் பள்ளிக்கூடத்து பெஞ்சில் அமர்ந்திருந்த காலமாகத்தான் இருக்க வேண்டும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்னொரு பரீட்சையும் நடந்தது. ஹான்ஸ் கிராஸ் என்பவர் திரியெஸ்த் நகரில் பிறந்து, மலையேற்றத்தில் தேர்ந்து, பிறகு நியூயார்க்கில் குடியேறிய டாக்டர். (சிறுவராயிருந்தபோது அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ். கலாசாலையில் இலக்கியம் படித்து வந்த எம்மைப் போன்றவர்க்கு இத்தகைய செய்தியைச் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.) கிராஸும் சோன்யா வெபர் என்னும் டாக்டரும் சேர்ந்து ஆறு எளிய பரீட்சைகளை வகுத்தனர். மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்துதல், படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருதல், முழங்கால் மடங்காமல் குனிந்து தரையைத் தொடுதல் போன்றவை அவை. ஐரோப்பாவில் இத்தாலி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் ஏதேனும் ஒரு பரீட்சையில் தவறினர். அமெரிக்கப் பிள்ளைகளில் தவறியவர்களோ நூற்றுக்கு 58 பேர். உலகிலேயே செல்வம் மிகுந்த நாட்டின் குழந்தைகள் குனிந்து தரையைத் தொட இயலாதவர்களாயிருந்தனர்! மோட்டார் வண்டி, மின்தூக்கி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை அங்கு வீடுதோறும் புகுந்து கொண்டிருந்த சமயம் அது.

ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1955 ஜூலையில் இந்த ஆராய்ச்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விவரம் கேட்டார். இளைஞர் தேகநலம் பற்றிய தேசிய மகாநாடு ஒன்றை அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் டென்வர் நகரில் கூட்டுவதென்று முடிவாயிற்று. பின் நடந்ததைக் கதையில் எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார். மகாநாட்டுக்குச் சில தினங்களே இருக்கையில், செப்டம்பர் 24ஆம் தேதி, அதே டென்வர் நகரில் ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு நேர்ந்தது. முதலில் அஜீரணம் என்றே நினைத்தனர். பழைய நாட்களில் நாளொன்றுக்கு நான்கு பாக்கெட் சிகரெட் புகைத்தவர் அவர். 1949ல்தான் அதை விட்டிருந்தார். மகாநாடு ஒத்திவைக்கப்பட்டு மறு ஆண்டு ஜூனில் அன்னாபொலிஸில் கூடியது. 1956 ஜூலையில் இளைஞர் தேகநலத்துக்கென ஜனாதிபதியின் குழு ஒன்று அமைந்தது. அவருக்கு வைத்தியம் பார்க்க வந்த பால் டட்லி ஒயிட் என்னும் இருதய நிபுணர், படுக்கையிலேயே கிடத்தி வைப்பதை விட நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் நல்லது என்று சொன்னவர். தாமும் முதுமையில் சைக்கிள் ஓட்டியவர்.

உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் எண்ணிக்கையால் காட்டியவர் லண்டனில் இருந்த ஜெர்ரி மாரிஸ். அவர் எடுத்துக்கொண்ட சோதனைச் சாலை லண்டன் மாநகரத்தின் இரட்டைத் தட்டுப் பஸ். அதில் டிரைவர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். இருவரும் ஒரே வகுப்பு மனிதர்கள். ஒரே பஸ்ஸில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள். ஆயினும் டிரைவர்களை விடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று 1953ல் மாரிஸ் எழுதினார். அவ்வாறே சைக்கிளிலும் நடந்தும் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்களுக்கு, உள்ளே அமர்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்களை விடக் குறைவு. பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் பிறந்தது: வேலைக்குச் சேரும்போதே பருத்தவர்கள் டிரைவராகியிருந்தால்? சீருடை தைத்த கணக்கை வரவழைத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு இளவயது முதற்கொண்டே அதிகமாகத்தான் இருந்தது. தம் முடிவைத் தாமே ஐயுற்று, ஐயத்திற்கு இடமளித்த செய்தியையும் 1956ல் அச்சிட்டார். நாற்காலியே காரணமா, பருமனும் சேர்ந்து காரணமா என்னும் விவாதம் அதன்பின் பல்லாண்டு நடந்தது. அசைவு இருதயத்தைக் காக்கின்றது என்பது மட்டும் மேலும் மேலும் உறுதிப்பட்டது. மாரிஸ் 99 ஆண்டு வாழ்ந்து 2009ல் காலமானார். குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்த நாம் இந்தச் சரித்திரத்தைப் படிக்கையில் நாற்காலியில் சற்று நெளியாமல் இருக்க முடிவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் அறியவேண்டிய ஓர் ஆராய்ச்சி 1967ல் வெளிவந்தது. எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் ரயில்வே டாக்டர், நாடெங்கும் ரயில்வே ஊழியரிடையே மாரடைப்பால் நேர்ந்த மரணங்களைப் பகுதிவாரியாகக் கணக்கெடுத்தார். ரயில்வே இதற்கு ஏற்ற களம். வேலை ஒன்று, சம்பளத் திட்டம் ஒன்று, வைத்திய வசதியும் ஏறத்தாழ ஒன்று. நெய்யும் பாலும் தாராளமாக உண்ணும் பஞ்சாபியரே அதிகம் மாள்வர் என்றுதான் எவரும் ஊகித்திருப்பர். கணக்கு நேர்மாறாக இருந்தது. தென்னிந்தியரிடையே அந்த மரணம் பஞ்சாபியரைப் போல் ஏழு மடங்கு. இதற்கு அவர் கற்பித்த காரணங்களைப் பின்வந்தோர் கேள்விக்கு உட்படுத்தினர். ஆயினும் ‘நம் சாப்பாடு சாத்விகமானது, நமக்கு ஒன்றும் வராது’ என்று வடக்கே வந்து குடியேறிய நம்மவர் சொல்லிக்கொள்வதை அந்தக் கணக்கு அன்றே அசைத்துவிட்டது. சென்னையிலிருந்து டில்லிக்கும் பம்பாய்க்கும் மாற்றலாகி வந்தவர்கள் அப்பளத்தையும் ஊறுகாயையும் கைவிடாமல், இங்கே கிடைத்த சமோசாவையும் வனஸ்பதியில் பொரித்த படூராவையும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் எம் தோழர் ஒருவர் இதை ‘தேசிய ஒருமைப்பாட்டு உணவு’ என்பார். அவர் நாற்பத்தொன்பதாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறிப் பையுடன் மாடிப்படியில் சாய்ந்தவர். அவருடைய மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

இப்போது டிரில் பீரியடின் கதை. நம் நாட்டில் தேகப்பயிற்சி ஆசிரியர்களை முறையாகத் தயாரிக்கும் முதல் ஸ்தாபனம் சென்னையில் தோன்றியது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அதைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் மரச்சோலை நடுவே விளங்கும் கல்லூரி அதுவே. 1924ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு நிர்வாகியாக இருந்தவரும் அவர்தாம். தென்னாட்டுப் பள்ளிகளில் காக்கி அரைக்கால்சட்டையும் கழுத்தில் ஊதலுமாக நின்ற டிரில் மாஸ்டர்களின் பரம்பரை அங்கிருந்து கிளைத்தது.

சுதந்திரத்துக்குப் பின் தலைநகரில் வேறொரு முயற்சி. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்காக, லாஜ்பத் நகரில் இருந்த கஸ்தூர்பா நிகேதனில், 1954ல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமாயிற்று. அதை நடத்தியவர் நேதாஜியின் படையில் தளபதியாயிருந்த ஜெனரல் போன்ஸ்லே. அடுத்து 1957ல் குவாலியரில் லக்ஷ்மிபாய் பெயரால் தேகப்பயிற்சிக் கல்லூரி. 1959-60ல் தேசிய உடல்திறன் இயக்கம். 1965ல் பல திட்டங்களையும் ஒன்றாக்கிய தேசிய ஃபிட்னஸ் கோர். இவற்றின் பெயர்களையே பாருங்கள்: கட்டுப்பாடு, திறன், படை. அகதிப் பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. 1962ல் சீன யுத்தம் வந்தது. தேசத்துக்கு நிமிர்ந்து நிற்கும் வாலிபர் தேவைப்பட்டனர். அது அந்தக் காலத்தின் நியாயம், குறை கூறுவதற்கில்லை. ஆனால் இருதயம் என்ற சொல்லை அந்தத் திட்டங்களை விளக்கியவர்கள் உச்சரித்ததாகத் தெரியவில்லை. டிரில் என்பது சிப்பாய்க்குரியது என்று பெற்றோர் எண்ணினர். தம் பிள்ளையை என்ஜினீயராகவோ டாக்டராகவோ ஆக்க விரும்பியவர்க்கு அது எதற்கு? யுத்த பயம் நீங்கியதும், பரீட்சை பயம் வளர்ந்ததும், டிரில் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்டார். கடன் திரும்பவே இல்லை. இது எம்முடைய சொந்த அனுமானம். ஆனால் 1980களில் நாம் படித்த பள்ளியிலும் இதுவே நடந்தது.

மொழியும் இதில் ஒரு குற்றவாளி. ஃபிட்னஸ் என்ற சொல்லுக்கு ‘உடல் தகுதி’ என்று நாமே பலமுறை மொழிபெயர்த்திருக்கிறோம். தகுதி என்றால் உடனே போலீஸ் வேலைக்கு மார்பளவு எடுப்பது நினைவுக்கு வருகின்றது. வேலைக்கு ஆள் பொறுக்குவதற்குரிய சொல் அது. தினம் மூச்சு வாங்க ஓடி மகிழும் நிலையை அது குறிக்கவில்லை. வேறு நல்ல சொல் எமக்கு இன்றுவரை அகப்படவில்லை.

அயல்நாட்டில் இருதயத்தின் பெயரைச் சொல்லியே பள்ளிக்குள் நுழைந்தவர்கள் பின்லாந்துக்காரர். அந்நாட்டின் வட கரேலியா மாகாணத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மாள்வது உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. வெண்ணெயும் உப்பும் புகையிலையும் அவர்கள் வாழ்வோடு கலந்தவை. 1972ல் பெக்கா புஸ்கா என்னும் இளம் டாக்டரின் தலைமையில் மாகாணம் முழுவதையும் மாற்றும் வேலை தொடங்கியது. பெரியவர்களோடு நில்லாமல் 1978ல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் சென்றார்கள். புகையிலை நஞ்சு என்ற உபதேசத்தோடு அவர்கள் நிற்கவில்லை. சற்றே மூத்த மாணவர்களைப் பழக்கி, ஒரு தோழன் சிகரெட்டை நீட்டும்போது நட்பும் கெடாமல், மானமும் போகாமல் மறுப்பது எப்படி என்று நடித்துக் காட்டச் செய்தார்கள். பையன் முதல் சிகரெட்டைப் பிடிப்பது புகையிலை ஆசையால் அன்று, தோழர்முன் கூச்சத்தால் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். பல ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் குறைவாயிருந்தது. அந்த மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் முப்பத்தைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது.

கொரியப் போர்க்களம் எழுப்பிய கேள்விக்கு முழு விடை அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பொகலூசா என்னும் சிற்றூரில் கிடைத்தது. அவ்வூரில் பிறந்த ஜெரால்டு பெரென்சன் என்னும் டாக்டர் 1970களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள பிள்ளைகளின் எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கணக்காக அளந்து குறித்து வந்தார். அவர்களுள் விபத்து முதலியவற்றால் இளமையில் இறந்தோரின் நாளங்களையும் பரிசோதித்தனர். 204 பேரைப் பற்றிய அந்த அறிக்கை 1998ல் வெளியாயிற்று. பருமன், உயர்ந்த இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகைத்தல் என்று ஒருவரிடம் எத்தனை அபாயக் காரணிகள் சேர்ந்திருந்தனவோ, அத்தனைக்கத்தனை நாளத்தின் சேதமும் கூடியிருந்தது. ‘அபாயக் காரணி’ என்ற சொற்றொடரையே வழக்குக்குக் கொண்டுவந்தது பிரேமிங்ஹாம் நகர ஆராய்ச்சி. 1948ல் தொடங்கிய அதன் 1961ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகே உலகம் முழுவதும் அது பரவியது.

இந்தச் சரித்திரத்தை இப்படியே முடித்தால், இருதய நோய் என்பது வயிறு நிறைந்தவரின் பிள்ளைகளுக்கே உரியது என்று தோன்றிவிடும். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் இருதயத்தை வெகுகாலம் வாட்டியது வேறொரு நோய். தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்ததால் வரும் வாதஜுரம். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை அது வேட்டையாடும் பருவம். நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் அதற்கு உறவு. மூட்டுகளில் வீக்கமும் வலியும் வந்து தணியும். ஆனால் இருதயத்தின் வால்வுகள் சிதைந்து குறுகிவிடும். மேல்நாட்டுப் பாடநூல்கள் வால்வு குறுகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றன. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுஜாய் ராயும் தோழர்களும் 1963ல், இந்தியாவில் இருபது வயதுக்கு உட்பட்டவரிடமே அது முற்றிய நிலையில் காணப்படுவதை உலகுக்கு எடுத்துரைத்தனர். இதற்கு மருந்து விலையுயர்ந்ததன்று, பென்சிலின். தொண்டை நோவுக்கு உரிய காலத்தில் அதைக் கொடுத்தால் ஜுரமே வராது தடுக்கலாம். வந்தவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசியைப் பல ஆண்டு விடாமல் போட்டால் வால்வைக் காக்கலாம். ‘வெறும் தொண்டைக்கட்டுதானே, மிளகுரசம் போதும்’ என்பது எல்லாச் சமயத்திலும் சரியன்று. ஜுரத்துடன் விழுங்க இயலாத வலி இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்; ரசம் அதன் பிறகும் சாப்பிடலாம்.

அண்மைக்காலத்தில் சட்டங்கள் சில துணைக்கு வந்துள்ளன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுத்தது. மின்சார சிகரெட்டு 2019ல் தடை செய்யப்பட்டது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் அதன் வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020ல் விதி வந்தது. வனஸ்பதி முதலியவற்றில் உள்ள செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என்றாயிற்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-19 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு பீரியடைத் தேகநலத்துக்கு ஒதுக்கச் சொன்னது. எனினும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர் 2019ல் வெளியிட்ட கணக்குப்படி, 11 முதல் 17 வயது வரை உள்ள இந்தியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 74 பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. உலக அளவில் நூற்றுக்கு 81 பேர். போதிய அளவு என்பது சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். அதில் ஓடுவது, சைக்கிள் மிதிப்பது, கபடி ஆடுவது, கடைக்கு வேகமாக நடந்துபோய் வருவது எல்லாம் சேரும்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போகின்றது என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டோம். பையன் பத்தாம் வகுப்பு. காலையில் வாசலுக்கே பள்ளி வண்டி, மாலையில் டியூஷன், இரவில் கைபேசி. பள்ளியின் கால அட்டவணையில் மூன்றாவது பீரியட் தேகநலம் என்று அழகாக அச்சிட்டிருந்தது. அதில் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, ‘அப்பா, அது டிரிக்னாமெட்ரி’ என்றான். சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்தே பழகிய கை. ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று, காலமான தோழரின் மனைவியும் எம்முடன் வந்தார். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். பாடம் முடியாவிட்டால் முதலில் புகார் கொண்டுவருவது பெற்றோரே என்று அவர் சொன்னதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. சென்ற ஆண்டு அத்தகைய புகாரில் நாமும் கையொப்பம் இட்டிருந்தோம்.

தோழரின் மனைவி மட்டும், ‘டீச்சர், என் பெண்ணுக்கு டிரிக்னாமெட்ரி நான் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன், அவளை ஓட விடுங்கள்’ என்றார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் மூன்றாவது பீரியட் மைதானத்துக்குத் திரும்பியிருக்கின்றது. மற்ற மூன்று நாட்கள் இன்னும் கணக்கு ஆசிரியரிடமே உள்ளன. வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர். வண்டியை நிறுத்திவிட்டு, பனி மூட்டமும் நச்சுப்புகையும் இல்லாத மாதங்களில் இரு பிள்ளைகளும் நடந்து போகிறார்கள். நாமும் பஸ் நிறுத்தம் வரை உடன் போகிறோம். அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறோம்.